விளம்பரம் சொன்னதைச் செய்யும் பொருட்கள்

புதிதாக வாங்கிய பிளாஸ்க்கின் அடியில் ‘24 மணி நேரம் குளிர், 12 மணி நேரம் சூடு’ என்று எழுதியிருப்பதை நம்பலாமா என்றும், விளம்பரத்தில் சொன்னதை அப்படியே செய்துகாட்டும் அன்றாடப் பொருள் ஏதாவது உலகத்தில் இருக்கிறதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். எந்த நிறுவனத்தின் சரக்கு உயர்ந்தது என்ற பட்டியலை நீங்கள் கேட்கவில்லை என்றே எடுத்துக்கொள்கிறேன். விளம்பர வாக்கியம் ஒன்று எப்போதாவது உண்மையாக இருக்க முடியுமா என்பதே உங்கள் ஐயம். இருக்க முடியும், நீங்கள் நினைப்பதைவிட அதிகமான பொருட்களில் இருக்கிறது. வேதியியல் படித்துவிட்டு 20 ஆண்டுகளுக்கு மேல் நுகர்பொருள் சோதனைக்கூடத்தில் வேலை பார்த்தவன் நான். பசைகள், துப்புரவுப் பொருட்கள், வெப்பம் காக்கும் கலன்கள் ஆகியவற்றைப் பற்றிக் கையால் அளந்த அனுபவத்திலிருந்து பேசுகிறேன். நான் மருத்துவன் அல்லன் என்பதால், தோலையும் பல்லையும் பற்றி இங்கே சொல்வதெல்லாம் வெளிவந்த ஆய்வுகளைப் படித்து அறிந்தவை என்று கொள்ளுங்கள்.

சோதனைக்கு ஒரு பொருள் வந்தால் முதலில் பொருளை ஓரமாக வைத்துவிட்டு அதன் மேலட்டையில் உள்ள வாக்கியத்தைத்தான் பிரித்துப் பார்ப்போம். எவ்வளவு, எத்தனை நேரம், எந்த நிலையில், எதோடு ஒப்பிட்டு என்ற விவரங்கள் அதில் இருந்தால் அதை அளந்துவிடலாம். அளக்கக்கூடிய வாக்கியத்தில் பொய் எழுத நிறுவனங்கள் எளிதில் துணிவதில்லை, ஏனென்றால் போட்டி நிறுவனமே அதை அளந்துபார்த்துவிட்டு நீதிமன்றத்துக்குப் போய்விடும். ‘புத்துணர்வு’, ‘ஊட்டம்’, ‘இயற்கையின் ஆற்றல்’ போன்ற சொற்களை எந்தக் கருவியிலும் மாட்ட முடியாது. அவை பொய் என்றுகூட நிரூபிக்க முடியாதவை. ஆகவே ஒரு பொருள் நல்லதா கெட்டதா என்று ஒட்டுமொத்தமாகக் கேட்பதில் பயனில்லை. ஒரே புட்டியில் ஒரு வாக்கியம் மெய்யாகவும் இன்னொன்று பொய்யாகவும் இருக்கலாம்.

இதற்கு லிஸ்டரினைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. அந்த வாய்கொப்பளிப்பு நீர் சளியையும் தொண்டைக் கரகரப்பையும் தடுக்கும் என்று 1921 முதல் அரை நூற்றாண்டுக்கு மேல் விளம்பரம் செய்யப்பட்டது. 1975இல் அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் அது ஆதாரமற்றது என்று முடிவு செய்ததோடு, லிஸ்டரின் சளியைத் தடுக்காது என்ற திருத்தத்தை நிறுவனமே தன் விளம்பரங்களில், ஏறத்தாழ 1 கோடி டாலர் விளம்பரச் செலவு தீரும்வரை, சொல்லியாக வேண்டும் என்றும் ஆணையிட்டது. 1977இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் திருத்தம் வெளியிட்டே ஆகவேண்டும் என்று கூறிவிட்டது. பிறகு, பல்லிடுக்கைச் சுத்தம் செய்யும் நூலுக்கு நிகராக லிஸ்டரின் வேலை செய்யும் என்றொரு விளம்பரம் வந்தது. நூல் தயாரிக்கும் போட்டி நிறுவனம் வழக்குத் தொடுக்க, 2005இல் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றம் அதையும் தவறாக வழிநடத்துவது என்றது. ஆதாரமாகக் காட்டப்பட்ட ஆய்வுகளில் நூலைப் பயன்படுத்தச் சொல்லப்பட்டவர்கள் அதை ஒழுங்காகப் பயன்படுத்தினார்களா என்பதே ஐயத்துக்குரியதாக இருந்தது. ஆனால் பல் துலக்குவதோடு சேர்த்துப் பயன்படுத்தினால் பற்படலத்தையும் ஈறு அழற்சியையும் குறைக்கும் என்ற அடக்கமான மூன்றாவது வாக்கியம் மெய். அதற்குப் பல சோதனைகளின் ஆதாரம் உண்டு. ஆக, நீர் ஒன்று, வாக்கியம் மூன்று, அவற்றில் தேறியது ஒன்று.

ஐயமில்லாமல் தேறும் பொருட்களில் முதலில் நான் சொல்வது பெட்ரோலியம் ஜெல்லி. எண்ணெய்க் கிணற்றுக் குழாய்களில் படிந்து வேலையைக் கெடுத்துக்கொண்டிருந்த மெழுகு போன்ற கழிவை 1859இல் ராபர்ட் செஸ்பரோ என்ற இளம் வேதியியலாளர் கவனித்துத் தூய்மைப்படுத்தினார். 1872இல் ‘வாசலின்’ என்ற பெயரில் காப்புரிமை பெற்றார். தம் தோலிலேயே சுட்டுக் காயம் ஏற்படுத்திக்கொண்டு, அதன்மேல் ஜெல்லியைத் தடவிக் காட்டி விற்றவர் அவர். நாள்தோறும் ஒரு கரண்டி உண்டுவந்ததாகவும் சொன்னார், 96 வயது வரை வாழ்ந்தார். அந்தக் கரண்டிப் பழக்கத்தை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். வறண்ட தோலைக் காக்கும் என்ற அதன் அடிப்படை வாக்கியம் அளந்து பார்த்தால் அப்படியே நிற்கிறது. தோலிலிருந்து ஆவியாகும் நீரின் அளவைப் பதிவு செய்யும் கருவி ஒன்று இருக்கிறது. ஜெல்லியைத் தடவிய இடத்தில் அதை வைத்தால் முள் சடாரென்று கீழே இறங்குவதைப் பார்க்கலாம், வேறு எண்ணெய்களில் அந்த இறக்கம் வருவதில்லை. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: ஜெல்லி தோலுக்கு நீரைத் தருவதில்லை, இருக்கும் நீரை வெளியே போகாமல் அடைத்துவைக்கிறது. குளித்து ஈரம் காயும் முன் தடவினால் பலன் தெரிவதும், காய்ந்து வெடித்த பிறகு தடவினால் ஏமாற்றமாக இருப்பதும் இதனால்தான்.

அடுத்தது சூப்பர் குளூ. இதில் நான் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ளப் போகிறேன், ஏனென்றால் சோதனைக்கூடத்துக்கு வந்த புகார்களில் மிகுதியானவை பசையைப் பற்றியவையாகவும், அவற்றிலும் மிகுதியானவை பசையின் குற்றமாக இல்லாமலும் இருந்தன. 1942இல் துப்பாக்கிக் குறிநோக்கிகளுக்குத் தெளிவான பிளாஸ்டிக் தேடிய வேதியியலாளர் ஹாரி கூவரின் குழு, தொட்டதிலெல்லாம் ஒட்டித் தொல்லை கொடுத்ததால் சயனோஅக்ரிலேட்டை, அதாவது இந்தப் பசையின் மூலப்பொருளை, தூக்கிப் போட்டது. 1951இல், ஒளி வளையும் அளவைக் காட்டும் கருவியான ஒளிவிலகல்மானியின் இரண்டு பட்டகங்கள் பிரிக்க முடியாதபடி ஒட்டிக்கொண்ட பிறகுதான் அதன் அருமை தெரிந்தது; 1958இல் கடைக்கு வந்தது. அடுத்த ஆண்டு ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் ஒரே சொட்டுப் பசையில் தொகுப்பாளரைத் தரையிலிருந்து தூக்கிக் காட்டினார் கூவர். அதில் மாயம் எதுவும் இல்லை. பரப்பின்மேல் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத ஈரம்தான் இந்தப் பசையை இறுகவைக்கிறது. மெல்லிய படலமாக இருந்தால் ஈரம் முழுவதையும் எட்டி, நொடிகளில் கெட்டிப்படும். நாலு சொட்டு விட்டால் நடுவில் இருப்பது நெடுநேரம் ஈரமாகவே கிடக்கும். ‘ஒரு சொட்டு போதும்’ என்பதைச் சிக்கனத்துக்கான அறிவுரை என்று மக்கள் நினைத்துக்கொள்கிறார்கள், உண்மையில் அது செய்முறை விளக்கம்.

அதோடு, தொலைக்காட்சியில் அந்த இணைப்பு நேர்க்கோட்டில் இழுக்கப்பட்டது. இரண்டு எஃகுத் துண்டுகளை முகத்துக்கு முகம் ஒட்டி இழுவிசை இயந்திரத்தில் மாட்டினால் கிடைக்கும் எண் எங்களையே ஒவ்வொரு முறையும் வியக்கவைத்தது. அதே பசையில் ஒட்டிய மெல்லிய தகட்டின் ஓரத்தில் நகத்தைக் கொடுத்து நெம்பினால், ஓர் அஞ்சல்தலையைப் போல உரிந்து வந்துவிடும். நேராக இழுக்கும்போது சுமை முழுப் பரப்பிலும் பகிர்ந்துகொள்ளப்படுகிறது. உரிக்கும்போது ஒரே கோட்டில் விழுகிறது, இறுகிய பசையோ நெகிழ்வில்லாதது. உடைந்த கோப்பையின் கைப்பிடி ஒட்டிய சில நாளில் கையோடு வந்துவிடுவதற்குக் காரணம் அந்த நெம்பலும், சூடும், மீண்டும் மீண்டும் நனைவதும். பாலித்தீனிலும் டெஃப்லானிலும் இது ஒட்டவே ஒட்டாது என்பதைச் சிறிய எழுத்தில் போட்டிருப்பார்கள், யாரும் படிப்பதில்லை.

ஃப்ளூரைடு பற்பசையும் சந்தேகத்துக்கு அப்பாற்பட்டது. சிறுவர்களிடம் செய்யப்பட்ட சுமார் 70 சோதனைகளைத் தொகுத்து, மருத்துவ ஆய்வுகளை மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2003இல் வெளியிட்ட மீளாய்வில், ஃப்ளூரைடு இல்லாத பசையோடு ஒப்பிடும்போது பற்சொத்தை சராசரியாக 24 விழுக்காடு குறைந்திருந்தது. சிறிய எண்ணாகத் தோன்றலாம். ஒரு பழக்கமும் மாறாமல், குழாயில் இருக்கும் பசையை மட்டும் மாற்றியதால் கிடைத்தது அது. துலக்கியதும் நுரையைத் துப்பிவிட்டு, நிறைய நீர்விட்டுக் கொப்பளிக்காமல் இருப்பது ஃப்ளூரைடு பல்லில் தங்க உதவும். அதே குழாயில் எழுதியிருக்கும் ‘வெண்மை’ என்ற வாக்கியம் வேறு ரகம். பல்லின் மேற்பரப்பில் படிந்த கறையைத் தேய்த்து எடுக்கும் அளவுக்கு அது மெய். பல்லின் இயல்பான நிறத்தைச் சாதாரணப் பற்பசை மாற்றிவிடாது.

இனி, வாக்கியம் மெய்யாக இருந்தும் நாம் பயன்படுத்தும் விதத்தால் பொய்யாகிவிடும் பொருட்கள். இவற்றில் தலையானது சன்ஸ்கிரீன். வெயில் காப்பின் அளவைக் குறிக்கும் எண்ணான எஸ்பிஎஃப் 15 என்பது தோலைச் சிவக்கவைக்கும் புறஊதாக் கதிரில் ஏறத்தாழ 93 விழுக்காட்டையும், 30 என்பது 97ஐயும், 50 என்பது 98ஐயும் தடுக்கும். ஆனால் அந்த எண்ணைக் கண்டறியும் சோதனையில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் வீதம் தடவப்படுகிறது. நடுத்தர உடலின் தோல்பரப்பு சுமார் 17,000 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துப் பெருக்கிப் பாருங்கள், உடல் முழுவதும் ஒருமுறை பூச 34 கிராம் வருகிறது. 100 கிராம் குழாய் மூன்று முறைக்குக் கூடத் தாங்காது. நம்மில் பெரும்பாலோர் தடவுவது அதில் பாதி அல்லது கால் பங்கு; அதற்கு ஏற்பக் காப்பும் குறைகிறது. பொருளின் மீது எனக்கு ஐயமில்லை. ஆஸ்திரேலியாவின் நாம்பூரில் 1992இல் தொடங்கி, 1,621 பேரிடம் நாலரை ஆண்டுகள் நடந்த சோதனையில், நாள்தோறும் தடவியவர்களுக்குச் செதிள்செல் தோல் புற்றுநோய்க் கட்டிகள் ஏறத்தாழ 40 விழுக்காடு குறைவாக வந்தன. அதே சோதனையில் அடிச்செல் வகைப் புற்றுநோயில் தெளிவான வேறுபாடு காணப்படவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ‘வாட்டர்புரூஃப்’ என்ற சொல்லை அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2011இல் தடை செய்துவிட்டது. நீரில் 40 நிமிடம் தாங்கும் அல்லது 80 நிமிடம் தாங்கும் என்று மட்டுமே அங்கே எழுதலாம். அளக்க முடியாத சொல்லை எடுத்துவிட்டு அளக்கக்கூடிய எண்ணை வைத்த அந்த விதி எனக்கு மிகவும் பிடித்தது.

‘99.9 விழுக்காடு கிருமிகளைக் கொல்லும்’ என்பதும் இந்த வகையில்தான் சேரும். பத்து லட்சம் கிருமிகளை ஆயிரமாகக் குறைத்தால் அந்த வாக்கியம் தேறிவிட்டது, சோதனைக்கூடத்தில் அது நடக்கவும் செய்கிறது. எந்தக் கிருமி, எத்தனை நேரம் என்பதுதான் கேள்வி. 60 விழுக்காட்டுக்கு மேல் ஆல்கஹால் உள்ள சானிடைசர் பெரும்பாலான பாக்டீரியாக்களையும் மேலுறை உள்ள வைரஸ்களையும் நொடிகளில் முடித்துவிடும். வயிற்றுப்போக்கை உண்டாக்கும் நோரோவைரஸிடமும் சில பாக்டீரியாக்களின் விதைத்துகள்களிடமும் அது திணறும், அங்கே சோப்பும் தண்ணீருமே மேல். மேசைமேல் தெளிக்கும் கிருமிநாசினிகள் சிலவற்றுக்குப் பரப்பு 10 நிமிடம் வரை ஈரமாகவே இருக்க வேண்டும் என்று அட்டையின் பின்புறம் எழுதியிருக்கும். விளம்பரத்தில் வருபவர் தெளித்த கையோடு துடைத்துவிடுகிறார், நாமும் அவரைப் பார்த்து அப்படியே செய்கிறோம். சாதாரண சோப்பைவிடக் கிருமிநாசினி சோப்பு மேலானது என்ற வாக்கியம் மட்டும் தேறவில்லை. அதற்கு நிறுவனங்கள் போதிய ஆதாரம் தராததால், ட்ரைக்ளோசான் உட்பட 19 பொருட்களைக் கைகழுவும் சோப்புகளிலிருந்து அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2016இல் விலக்கியது.

கொசுவிரட்டிகளில் டீட் என்ற வேதிப்பொருள் சொன்னதைச் செய்கிறது. 2002இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வந்த ஒப்பீட்டில், தன்னார்வலர்கள் கொசுக்கள் நிறைந்த கூண்டுக்குள் கையை நீட்டினார்கள். 23.8 விழுக்காடு டீட் உள்ள திரவம் சராசரியாக ஐந்து மணி நேரம் கடி விழாமல் காத்தது. சிட்ரோனெல்லா எண்ணெய் அடிப்படையிலானவை 20 நிமிடத்தைக்கூட எட்டவில்லை. டீட் தோய்த்த கைப்பட்டை ஒரு நிமிடம்கூடக் காக்கவில்லை. அதே வேதிப்பொருள்தான், ஆனால் பட்டையில் கட்டியதும் பயனற்றுப் போகிறது, ஏனென்றால் விரட்டி தடவிய தோலை மட்டுமே காக்கும், பக்கத்துத் தோலை அல்ல. ஒலியெழுப்பிக் கொசு விரட்டும் கருவிகளுக்கு எந்தச் சோதனையிலும் பலன் கிடைக்கவில்லை. டீட் சில பிளாஸ்டிக்குகளையும் மெருகையும் கரைக்கும் என்பதால் கண்ணாடிச் சட்டத்திலும் கைக்கடிகாரத்திலும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்இடி பல்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், மின்னணுவியல் என் துறையன்று. 60 வாட் குண்டு பல்பின் வெளிச்சத்தை 9 வாட்டில் தரும் என்பது அப்படியே மெய். ‘25,000 மணி நேரம் எரியும்’ என்பதில்தான் நிதானம் தேவை. ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம் என்றால் அது 22 ஆண்டுக்கு மேல். அத்தனை ஆண்டு காத்திருந்து யாரும் சோதிப்பதில்லை. எல்இடி சில்லை 6,000 மணி நேரமோ அதற்கு மேலோ எரியவிட்டு, வெளிச்சம் 70 விழுக்காடாகக் குறையும் நாளைக் கணக்குப் போட்டுச் சொல்கிறார்கள். நடைமுறையில் பெரும்பாலும் முதலில் சாவது சில்லு அல்ல, அடியில் இருக்கும் மின்சுற்று. மூடிய கண்ணாடிக் கூண்டுக்குள் மாட்டினால் வெப்பம் வெளியேற வழியின்றி அது இன்னும் சீக்கிரம் போகும்.

ஐயத்துக்குரியவை என்று நான் ஒதுக்கி வைப்பவை பெரும்பாலும் முகப்பூச்சுகள். கொலாஜன் மூலக்கூறின் எடை சுமார் 3,00,000 டால்டன். நலமான தோலை ஊடுருவ 500 டால்டனுக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது தோலியலில் பொதுவாகச் சொல்லப்படும் வரம்பு. ஆகவே கொலாஜன் பூச்சு தோலின்மேல் ஈரத்தைத் தக்கவைக்கும், உள்ளே போய்ச் சுருக்கத்தை நிரப்பும் என்பது நடக்காது. ‘மருத்துவ ரீதியாகச் சோதிக்கப்பட்டது’ என்ற தொடரில் சோதித்தபோது என்ன முடிவு வந்தது என்பது இல்லை என்பதைக் கவனியுங்கள். வியர்வைத் தடுப்பான்கள் இதைவிட நேர்மையானவை, அலுமினிய உப்புகள் வியர்வைக் குழாய்களை உண்மையாகவே தற்காலிகமாக அடைக்கின்றன. ஆயினும் அமெரிக்க விதிப்படி அந்தப் பெயரைப் பெற வியர்வையை 20 விழுக்காடு குறைத்தாலே போதும் என்பதை அறிந்தால் எதிர்பார்ப்பு தானாக அடங்கும்.

வேலை செய்யும் பொருளைக்கூடப் பொய் வாக்கியத்தில் பொதியலாம் என்பதற்கு ஆஸ்திரேலியாவில் நடந்த நியூரோஃபென் என்ற வலிமாத்திரையின் வழக்கு சான்று. முதுகுவலிக்கு, ஒற்றைத் தலைவலிக்கு, மாதவிடாய் வலிக்கு, இறுக்கத் தலைவலிக்கு என்று நான்கு பெட்டிகள் தனித்தனியாக விற்கப்பட்டன. நான்கிலும் இருந்தது ஒரே 342 மில்லிகிராம் ஐபுப்ரோஃபன் லைசின்தான். ஐபுப்ரோஃபன் வலியைத் தணிக்கும் என்பதில் யாருக்கும் மாறுபாடு இல்லை. குறிப்பிட்ட வலியைத் தேடிச் செல்லும் என்பதுதான் பொய். 2015இல் கூட்டாட்சி நீதிமன்றம் அதை ஏமாற்று என்றது, மறு ஆண்டு மேல்முறையீட்டில் அபராதம் 60 லட்சம் ஆஸ்திரேலிய டாலராக உயர்ந்தது.

இப்போது உங்கள் பிளாஸ்க். 1892இல் ஜேம்ஸ் டியூவர் திரவ வாயுக்களைச் சேமிக்கச் செய்த குடுவையின் வழி வந்தது அது. இரட்டைச் சுவருக்கு நடுவே காற்றில்லாததால் வெப்பம் கடக்க வழி குறைவு, பளபளப்பான சுவர் கதிர்வீச்சையும் திருப்பிவிடுகிறது. மிஞ்சிய இழப்பில் பெரும்பகுதி வாய் வழியாகவும் மூடி வழியாகவும் போகிறது. குளிருக்கு 24, சூட்டுக்கு 12 என்று ஏன் இரு எண்கள் என்றால், 95 பாகை வெந்நீருக்கும் 25 பாகை அறைக்கும் இடையே 70 பாகை வேறுபாடு, பனிநீருக்கோ 25 பாகைதான். வெப்பம் நகரும் வேகம் அந்த வேறுபாட்டைப் பொறுத்தது. பனிக்கட்டி போட்டிருந்தால் இன்னொரு சலுகையும் உண்டு: ஒரு கிராம் பனிக்கட்டி உருகுவதற்கே, அதே அளவு நீரை 80 பாகை சூடேற்றத் தேவையான வெப்பம் செலவாகும், அது தீரும்வரை நீர் குளிர்ந்தே இருக்கும். எனவே இரண்டு எண்களும் நம்பத்தக்கவையே, ஆனால் விளிம்பு வரை நிரப்பி, மூடியை இடையில் திறக்காமல் வைத்தால் மட்டும். பாதி நிரப்பினால் சுவர் அதேதான், வெப்பத்தைச் சேர்த்துவைக்கும் நீர் பாதிதான், அதனால் விரைவில் ஆறிவிடும். ‘12 மணி நேரம் சூடு’ என்றால் கொதிநிலை என்று பொருளல்ல. எத்தனை பாகை என்று பெட்டியில் போட்டிருக்கிறதா என்று பாருங்கள், ஒழுங்கான தயாரிப்பாளர்கள் போடுவார்கள். ஒரு சோதனையை வீட்டிலேயே செய்யலாம். முதலில் வெந்நீரால் ஒருமுறை அலசிக் கொட்டிவிட்டு, கொதிக்கும் நீரை நிரப்பி மூடி, பத்து நிமிடம் கழித்து வெளிச்சுவரை இடுப்புப் பக்கத்திலும் அடியிலும் தொட்டுப் பாருங்கள். கழுத்தருகே வெதுவெதுப்பாக இருப்பது இயல்பு; இடுப்பிலோ அடியிலோ சூடு தெரிந்தால் வெற்றிடத்தில் காற்று புகுந்துவிட்டது என்று பொருள், அந்தக் குடுவையை மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள்.